உயர்தரப் பௌதிகவியலின் தொடக்கப் பொறியியல் செய்முறைகள்: யாழ்ப்பாணத்து மாணவருக்கு ஒரு வழிகாட்டி

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு முதல் தடவை தோற்றியபோது, வேணியர் இடுக்கியை (மில்லிமீற்றரின் பின்னத்தையும் அளக்கும், தாடைகளுள்ள கருவி) நான் மொத்தமாக இரண்டு தடவைதான் கையில் எடுத்திருந்தேன். மற்றச் செய்முறைகளையெல்லாம் ரியூஷன் குறிப்பிலிருந்து மனனம் செய்திருந்தேன். இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் முதலாவது, பெரும்பாலும் அளவீடும் பொறியியலும் (விசை, இயக்கம் பற்றிய பகுதி) சார்ந்த ஒரு செய்முறையாகவே அமையும். "இந்த வாசிப்பை எடுக்குமுன் நீர் செய்யவேண்டிய முக்கியமான செப்பஞ்செய்கை யாது" என்ற பாணியில் அது கேட்டபோது, கருவியைத் தொட்டுப் பழகாத என்னால் எதையும் எழுத முடியவில்லை. அடுத்த தடவை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றியபோது, ஆய்வுகூட அனுமதி முதல் நூல், குண்டு வரை எல்லாவற்றையும் நானே தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் வீணான மாதங்கள் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்பதற்காக, செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. அனுமதியும் ஆவணங்களும்

பாடசாலையில் படித்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். தனிப்பட்ட பரீட்சார்த்திகள் பரீட்சைக்குக் குறைந்தது ஐந்து மாதங்களுக்கு முன்னர் தாம் படித்த பாடசாலையின் அதிபருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். நான் முதலில் வீட்டுக்கு அருகிலிருந்த வேறொரு பாடசாலையைக் கேட்டு, "பிறகு வாருங்கள்" என்ற பதிலை மூன்று தடவை பெற்று, ஆறு வாரங்களை இழந்தேன். உங்களைத் தெரிந்த ஆசிரியர் இருக்கும் இடத்தில்தான் கதவு முதலில் திறக்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குங்கள்.

கடிதத்துடன் தேசிய அடையாள அட்டையின் பிரதி, பாடசாலை விடுகைப் பத்திரத்தின் பிரதி, முன்னைய பெறுபேற்றின் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். இவற்றைவிட எனக்குக் கைகொடுத்தது நான்காவதாக இணைத்த ஒரே ஒரு ஒற்றை: எந்தத் திகதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தச் செய்முறை, அதற்கு எந்தக் கருவிகள் என்று வரைந்த அட்டவணை. "ஆய்வுகூடத்தைப் பயன்படுத்த அனுமதி தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், அதிபர் பௌதிகவியல் ஆசிரியரைக் கேட்பார், ஆசிரியர் ஆய்வுகூட உதவியாளரைக் கேட்பார், கடிதம் மேசையிலேயே கிடக்கும். நான்கு சனிக்கிழமைகள், காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை என்று கேட்டபோது எனக்கு மூன்றே நாளில் கையொப்பம் கிடைத்தது. உடைந்தால் திருத்திக் கொடுப்பேன் என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திகதிகளைத் தெரிவுசெய்யும்போது நாட்காட்டியைக் கவனமாகப் பாருங்கள். சாதாரண தரப் பரீட்சை நடைபெறும் வாரங்களில் பல பாடசாலைகள் பரீட்சை நிலையங்களாகிவிடும். அப்போது வளவுக்குள்ளேயே விடமாட்டார்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களிலும் ஆய்வுகூடம் திறந்திருக்கலாம், ஆனால் உங்களோடு சேர்ந்து செய்ய வருவதாகச் சொன்ன நண்பன் தேருக்கும் தீர்த்தத்துக்கும் போய்விடுவான். பெரும்பாலான செய்முறைகளுக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கருவியோடு, மற்றவர் கொப்பியோடு.

2. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

எனக்கு ஆன மொத்தச் செலவு 2500 ரூபாவுக்குச் சற்று மேல். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் தொகையைவிடப் பொருட்களைக் கவனியுங்கள். ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி, இருபது வரைபுத்தாள்கள், கூரான பென்சில், முப்பது சென்ரிமீற்றர் அடிமட்டம் ஆகியவை கட்டாயம். பிளாஸ்ரிக் வேணியர் இடுக்கியை நகரத்து இரும்புக் கடைகளில் ஒரு கொத்துரொட்டியின் விலைக்குள் வாங்கலாம். அதன் செம்மையை நம்பி அளவெடுக்க முடியாவிட்டாலும், வாசிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல முதலீடு கிடையாது. நுண்மானித் திருகுக் கணிச்சியை (கம்பி போன்றவற்றின் விட்டத்தைத் திருகால் அளக்கும் கருவி) வாங்காதீர்கள். அது விலை கூடியது, பாடசாலையிலேயே இருக்கும்.

ஊசற் குண்டுக்கு மேசன்மார் பயன்படுத்தும் தூக்குக் குண்டு வீட்டில் பழகப் போதும். ஆனால் அதன் புவியீர்ப்பு மையம் எங்கே என்பது வெளியிலிருந்து தெரியாததால், பதிவுக்குரிய செய்முறையைக் கோளவடிவக் குண்டோடு ஆய்வுகூடத்தில் செய்யுங்கள். நூலாகத் தங்கூசியை (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) பயன்படுத்தாதீர்கள். அது வழுக்கும், முடிச்சு நிற்காது, பாரம் தொங்கும்போது நீளும். தையல் நூலை இரண்டு மடிப்பாக முறுக்கிக்கொண்டால் போதும். ஃபாமசியில் 50 மில்லிலீற்றர் சிறிஞ்ச் ஒன்றை வாங்குங்கள்: படிக்கல் இல்லாத வீட்டில், அதனால் அளந்து சிறிய பொலித்தீன் பையில் விட்ட நீர் 50 கிராம் திணிவாகப் பயன்படும். எங்கள் ஊர் வெப்பநிலையில் அது 49.8 கிராம் அளவில் இருக்கும். பயிற்சிக்கு அந்த வேறுபாடு பொருட்டல்ல. மேசன்மார் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் ரியூப்பில் இரண்டு மீற்றர் வாங்கி வளைத்துக் கட்டினால் யூ குழாய் தயார்.

3. முதல் சனிக்கிழமை: அளவிடும் கருவிகள் மட்டும்

அவசரப்பட்டு ஊசலுக்குப் போய்விடாதீர்கள். மூன்று மணித்தியாலத்தையும் வேணியருக்கும் நுண்மானிக்கும் கொடுங்கள். கையிலெடுத்ததும் முதலில் இழிவெண்ணிக்கையை, அதாவது அந்தக் கருவியால் வாசிக்கக்கூடிய மிகச் சிறிய அளவை, கண்டு கொப்பியில் எழுத வேண்டும். பிரதான அளவிடையின் 9 மில்லிமீற்றரை வேணியரில் 10 பிரிவுகளாக்கியிருந்தால் 0.1 மில்லிமீற்றர், 50 பிரிவுள்ள வேணியரானால் 0.02 மில்லிமீற்றர். புரியிடைத்தூரம் (ஒரு முழுச் சுற்றில் திருகு நகரும் தூரம்) 0.5 மில்லிமீற்றரும் தலையில் 50 பிரிவுகளும் கொண்ட நுண்மானிக்கு 0.01 மில்லிமீற்றர். எல்லா வேணியரும் 0.1 தான் என்று மனனம் செய்தவர்கள் வினாத்தாளின் படத்தைப் பார்க்காமலேயே பிழை விடுகிறார்கள்.

அடுத்தது பூச்சிய வழு, அதாவது எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் அளவு. தாடைகளை மூடியபோது வேணியரின் பூச்சியம் பிரதான பூச்சியத்துக்கு வலப்பக்கம் நின்றால் எவருக்கும் குழப்பமில்லை: காட்டும் அளவைக் கழிக்க வேண்டும். இடப்பக்கம் நின்றால்தான் பொறி. பத்துப் பிரிவுள்ள வேணியரில் 7ஆவது கோடு பொருந்தி நின்றால் வழு மறை 0.7 அன்று, மறை 0.3 மில்லிமீற்றர். ஏனெனில் வேணியரின் பூச்சியம் மறை ஒன்றிலிருந்து 0.7 முன்னேறி நிற்கிறது. இதை வாசித்து விளங்குவதைவிட, பிளாஸ்ரிக் வேணியரின் தாடைக்குள் ஒரு துண்டுக் கடதாசியை வைத்தும் எடுத்தும் கோடுகள் நகர்வதைக் கண்ணால் பார்ப்பது விரைவில் மனதில் பதியும்.

நுண்மானியில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கும். ஒன்று, பிரதான அளவிடையின் அரை மில்லிமீற்றர்க் கோடு வெளியே தெரிகிறதா என்று பாராமல் வாசிப்பது. விடை சரியாக 0.50 மில்லிமீற்றர் பிழைத்துவிடும். மற்றையது, தலையைப் பிடித்து இறுக்குவது. நுனியிலுள்ள சிறு திருகை மட்டும் திருப்பி, அது சத்தமிட்டு வழுக்கும்போது நிறுத்த வேண்டும். சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய ஒரு உருக்குக் குண்டின் விட்டத்தை வெவ்வேறு திசைகளில் ஐந்து தடவை அளந்து பாருங்கள். நன்றாக வாசிக்கப் பழகியவருக்கு ஐந்து வாசிப்புகளும் 0.01 அல்லது 0.02 மில்லிமீற்றருக்குள் நிற்கும்.

அன்றைக்கே சதவீத வழுவையும் பழகிவிடுங்கள். ஒரு மீற்றர் நீளத்தை மீற்றர்க்கோலால் அளக்கும்போது ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் 0.1 சதவீதம், அரை மில்லிமீற்றர்க் கம்பியின் விட்டத்தை நுண்மானியால் அளந்தாலும் 0.01 மில்லிமீற்றர் பிழை 2 சதவீதம். விட்டம் வர்க்கமாக வரும் சூத்திரத்தில் அது 4 சதவீதமாகும். எந்த அளவீட்டுக்கு எந்தக் கருவி என்ற வினாவுக்குப் பதில் இந்தக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும்.

4. எளிய ஊசல்: நான் மிகவும் இடறிய இடம்

பாடத்திட்டத்தில் இது அலைவுகளோடு வருகிறது. ஆயினும் வரைபின் வழியாக விடை காணும் முறையை இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் செய்முறை வேறில்லை என்பதால் இரண்டாவது சனிக்கிழமை முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். ஆறு நீளங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தடவை 25 அலைவுகள் என்று வைத்தால், குண்டு ஆடும் நேரம் பத்து நிமிடமளவில்தான் வரும். ஆனால் நூலைச் சரிசெய்வதும் அளப்பதும் சேர்ந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. சோளகம் வீசும் மாதங்களில் காலை எட்டு மணிக்கே தொடங்கி, காற்று வரும் பக்கத்து யன்னல்களைச் சாத்துங்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள். மெல்லிய காற்றும் குண்டை நீள்வட்டத்தில் சுழல வைத்துவிடும்.

நூலைப் பிளந்த தக்கைக்குள் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தாங்கியின் கம்பியில் சுற்றிக் கட்டினால் ஆடும்போது தொங்கும் புள்ளி மாறும். குண்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே தக்கையின் கீழ் விளிம்பிலிருந்து நீளத்தை அளந்து, வேணியரால் அளந்த ஆரையைக் கூட்டுங்கள். ஒரு மீற்றர் நூலுக்கு 9 சென்ரிமீற்றருக்கு மேல் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். அது 5 பாகையளவு. 30 பாகையில் விட்டால் அலைவு காலம் ஏறத்தாழ 1.7 சதவீதம் கூடும், அதிலிருந்து கணிக்கும் புவியீர்ப்பு ஆர்முடுகல் (g) 3 சதவீதத்துக்கு மேல் குறையும். அலைவை எண்ணுவதற்கான குறிக்கோட்டை அலைவின் நடுவில், குண்டு ஓய்வில் நிற்கும் நிலைக்கு நேர் பின்னால் வையுங்கள். அங்கேதான் குண்டு மிக வேகமாகக் கடக்கிறது, ஆகவே எந்தக் கணத்தில் கடந்தது என்பதில் ஐயம் மிகக் குறைவு. ஓரத்தில் வைத்தால் குண்டு தயங்கி நிற்பதுபோலத் தோன்றும், கை பிந்தும்.

இனி என்னை இரண்டு கிழமை அலைக்கழித்த பொறி. அலைவு காலத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்த என் வரைபு அழகான நேர்கோடு, உற்பத்திக்கூடாகவே (இரு அச்சுகளும் சந்திக்கும் புள்ளிக்கூடாகவே) சென்றது; ஆனால் ஆர்முடுகல் ஒவ்வொரு தடவையும் 10.6 என்றே வந்தது. நூலை மாற்றினேன், குண்டை மாற்றினேன், நிறுத்தற் கடிகாரத்தையும் மாற்றினேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுகூட உதவியாளர், "தம்பி, நீர் 'ஒண்டு' எண்டு தொடங்கிறீர், 'பூச்சியம்' எண்டு தொடங்கும்" என்று ஒரே வார்த்தையில் சொன்னார். கடிகாரத்தை அழுத்தும்போது "ஒன்று" என்று எண்ணியதால், 25 என்று நினைத்து 24 அலைவுகளுக்கே நேரம் எடுத்திருந்தேன். 25ஐ 24ஆல் வகுத்து வர்க்கித்தால் 1.085, எங்கள் ஊரின் 9.78ஐ அதனால் பெருக்கினால் 10.6.

இங்கே ஆழமாகக் கவனிக்க வேண்டியது, அந்தப் பிழையை வரைபு ஏன் காட்டவில்லை என்பது. எல்லா நேரங்களும் ஒரே விகிதத்தில் குறைந்ததால் கோடு நேராகவே இருந்தது, படித்திறன் (கோட்டின் சாய்வு) மட்டும் கெட்டது. மாறாக, குண்டின் ஆரையைக் கூட்ட மறந்தால் எல்லா நீளங்களும் ஒரே அளவால் குறையும். படித்திறன் கெடாது, கோடு உற்பத்தியை விட்டு விலகும். 1 சென்ரிமீற்றர் ஆரையானால் நீள அச்சில் மறை 1 சென்ரிமீற்றரில் வெட்டும். அதே தவறோடு 50 சென்ரிமீற்றர் நூலுக்கு வரைபில்லாமல் நேரே சூத்திரத்தில் போட்டுக் கணித்தால் விடை 2 சதவீதம் பிழைக்கும். ஒரே அளவால் வரும் பிழை வெட்டுத்துண்டுக்கு (கோடு அச்சை வெட்டும் இடத்துக்கு) போகும். ஒரே விகிதத்தால் வரும் பிழை படித்திறனுக்குள் ஒளிந்துகொள்ளும். இதை விளங்கிய பிறகு "ஏன் வரைபு வரைய வேண்டும்" என்ற வினா எனக்கு எந்தச் செய்முறையிலும் கடினமாக இருந்ததில்லை.

இன்னொன்று. விடை 9.81 வரவேண்டும் என்று நினைத்து வாசிப்புகளைத் திருத்தாதீர்கள். ஆர்முடுகல் அகலக்கோட்டைப் பொறுத்தது. யாழ்ப்பாணம் வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில், கடல்மட்டத்தோடு இருப்பதால் இங்கே அதன் பெறுமானம் 9.78. ஆகவே அலைவு காலத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்குமான வரைபின் படித்திறன் 4.04 அளவில் வர வேண்டும், ஒரு மீற்றர் ஊசலின் அலைவு காலம் 2.01 செக்கன் அளவில் வர வேண்டும். 9.7 வந்தாலும் 9.9 வந்தாலும் வந்ததையே எழுதுங்கள். பரீட்சைக் கணக்குகளுக்கு வினாத்தாளில் தரப்படும் 10ஐப் பயன்படுத்துவது வேறு விடயம்.

5. திருப்பங்களின் தத்துவம்

ஒரு கல்லின் திணிவைக் காண மீற்றர்க்கோல், கத்தியோரம், தெரிந்த திணிவு ஒன்று போதும், வீட்டிலும் செய்யலாம். எதையும் தொங்கவிடாமல் முதலில் கோலை மட்டும் சமநிலைப்படுத்தி அந்த வாசிப்பை எழுதுங்கள். அது 50.0 ஆக இருக்க வேண்டிய அவசியமில்லை. 49.6இல் சமநிலையாகும் 100 கிராம் கோலை 50.0இல் தாங்கினால், கோலின் நிறையே 40 கிராம் சென்ரிமீற்றர் அளவு திருப்பத்தை, அதாவது சுழற்றும் விளைவை, தரும். 50 கிராமை 40 சென்ரிமீற்றர் தூரத்தில் தொங்கவிடும்போது வரும் 2000இல் அது 2 சதவீதம்.

தெரிந்த திணிவின் தூரத்தை ஆறு தடவை மாற்றி, கல்லின் தூரத்தைக் கண்டு வரைபு வரையுங்கள். 80 கிராம் கல்லானால் படித்திறன் 0.625 வரும். தாங்கும் புள்ளியில் விட்ட தவறு, ஊசலின் ஆரையைப் போலவே, வெட்டுத்துண்டாக வெளியே வரும். கல்லைக் கோலின் ஓரத்துக்கும் தெரிந்த திணிவை நடுவுக்கும் கொண்டுவரும் விதமாகத் திணிவைத் தெரிவுசெய்யாதீர்கள். புயங்கள் குறுகினால் அரை மில்லிமீற்றர்ப் பிழையும் பெரிதாகிவிடும். நூல் வளையம் கோலுக்குச் செங்குத்தாகத் தொங்குகிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

6. விசை இணைகர விதி

இதற்குக் கப்பிகள் பூட்டிய நிலைக்குத்துப் பலகை வேண்டுமென்பதால் மூன்றாவது சனிக்கிழமையை இதற்கு வையுங்கள். இரண்டு நூல்களைக் கப்பிகளுக்கு மேலாலும் மூன்றாவதை நடுவிலும் பாரங்களோடு தொங்கவிட்டு, அவை சேரும் முடிச்சு நிலைகொண்டதும் நடுப் பாரத்தை மெல்லக் கீழே இழுத்து விடுங்கள். அது பழைய இடத்துக்கே திரும்பி வராவிட்டால் கப்பியில் உராய்வு இருக்கிறது. ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் போதும். நூலின் நிழலைக் குறிக்காமல், ஒரு தளவாடித் துண்டைப் பின்னால் பிடித்து, நூலும் அதன் விம்பமும் ஒன்றாகத் தெரியும்போது இரண்டு புள்ளிகளை வையுங்கள். இணைகரத்தின் மூலைவிட்டம் நடு நூலுக்கு நேர்கோட்டில் வருகிறதா என்று பார்ப்பதுதான் முதற் சோதனை, நீளம் பிறகு. இது அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். மிஞ்சும் நேரத்தில் சுருளிவில்லைத் தொங்கவிட்டு, திணிவை மாற்றி மாற்றி அலைவு காலத்தை எடுங்கள். அலைவு காலத்தின் வர்க்கத்துக்கும் திணிவுக்குமான வரைபு உற்பத்திக்கூடாகப் போகாது. சுருளியின் சொந்தத் திணிவில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்து ஆடுவதே காரணம். வெட்டுத்துண்டைப் பிழையென்று எண்ணிக் கோட்டை உற்பத்திக்கு வளைக்காதீர்கள்.

7. திரவங்கள்

யூ குழாயில் அடர்த்தி கூடிய நீரை முதலில் விட்டு, பிறகு தேங்காய் எண்ணெயை ஒரு புயத்தில் மெதுவாக ஊற்றுங்கள். உயரங்களை இரண்டும் சந்திக்கும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும், மேசையிலிருந்து அன்று. எண்ணெயின் சாரடர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 0.92 அளவில் வரும். ஒன்றோடொன்று கலக்கும் திரவங்களுக்கு ஹெயரின் ஆய்கருவி: மேலே இணைந்த இரண்டு குழாய்களால் இரண்டு முகவைகளின் திரவங்களையும் ஒரே உறிஞ்சலில் ஏற்றுவது. அங்கே முகவைகளிலுள்ள திரவ மட்டத்திலிருந்து அளப்பதை மறப்பவர்கள் அதிகம். குழாயில் வளிக்குமிழி நின்றால் ஒரு சுண்டுச் சுண்டி ஏற்றிவிடுங்கள்.

8. பதிவேடும் கடைசி நாளும்

வாசிப்புகளை அங்கேயே பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் எழுதுங்கள், அழிக்காதீர்கள். 12 சென்ரிமீற்றரை மில்லிமீற்றர் வரை அளந்திருந்தால் 12.0 என்றே எழுத வேண்டும். முன்னைய வருட அண்ணாமாரின் கொப்பியைப் பார்த்து எழுதுவது எளிது. நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், அதனால்தான் இரண்டாம் தடவை வந்தது. பரீட்சையில் கணிப்பானுக்கு அனுமதியில்லை என்பதால் படித்திறனைக் கையாலேயே கணித்துப் பழகுங்கள்: கோட்டின் மேல், தாளின் கட்டக்கோடுகள் சந்திக்கும் இடத்தில், இயன்றளவு தூரத்திலுள்ள இரண்டு புள்ளிகளை எடுத்தால் வகுத்தல் இலகுவாகும். அவை நீங்கள் குறித்த வாசிப்புப் புள்ளிகளாக இருக்கக் கூடாது.

நான்காவது சனிக்கிழமையை வெறுமையாக விடுங்கள். முந்திய மூன்றில் ஏதாவது ஒன்று மின்வெட்டாலோ மழையாலோ கட்டாயம் தவறும். கருவிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது எண்ணிக் கொடுத்து, பதிவேட்டில் உதவியாளரின் கையொப்பத்தைப் பெறுங்கள். நுண்மானியின் தாடைகளை இறுக மூடிப் பெட்டியில் வைக்காமல் சற்று இடைவெளி விட்டு வையுங்கள். வெக்கையில் உலோகம் விரிந்தால் திருகு அழுத்தப்பட்டு, அடுத்ததாக அதை எடுக்கும் பிள்ளைக்கு நீங்கள் விட்டுப்போன பூச்சிய வழுதான் கிடைக்கும்.